பார்டர்லைன் ஆளுமைக் கோளாறில் மூலிகை: எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவருக்குச் சின்னச் சொல்லே சுடும். சுட்டதும் மனம் உச்சத்துக்குக் கொதிக்கும். கொதித்தது தணிய மணிக்கணக்காகும். டி.பி.டி. என்ற பேச்சு வழிச் சிகிச்சை முறையை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லினெஹன் இந்தக் கோளாறை விளக்கியது இப்படித்தான். மூலிகை தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கொதிப்பை அடக்க ஏதாவது கிடைக்குமா என்றே கேட்கிறார்கள். கிடைக்காது. சண்டை வெடித்த பத்தாவது நிமிடத்தில் வேலை செய்யும் மூலிகை எதுவும் இல்லை. தூக்கம், உடல் இறுக்கம், நாள் முழுக்க ஓடும் படபடப்பு ஆகியவற்றை ஓரளவு குறைக்க முயலலாம். அவை குறைந்தால் தணியும் நேரமும் குறைகிறதா என்று பார்க்கலாம். அவ்வளவுதான் இதன் எல்லை. டி.பி.டி. போன்ற சிகிச்சையின் இடத்தை இது பிடிக்காது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது ஆபத்து.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எதையும் எடுக்காமல் இரண்டு வாரம் தினமும் மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய படபடப்பு பத்துக்கு எத்தனை, மனம் கொதித்திருந்தால் பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆயிற்று. மூன்றாவது எண்தான் முக்கியம். இந்தக் கோளாறில் மனநிலை ஒரே நாளில் பல முறை மாறக்கூடும். நோட்டு இல்லாவிட்டால் தற்செயலாக வந்த நல்ல வாரத்துக்கு மூலிகையும், கெட்ட வாரத்துக்கு நீங்களும் காரணமாகிவிடுவீர்கள். இரண்டுமே தவறான கணக்கு.

அடுத்து, இப்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல். கஷாயம், லேகியம், அரிஷ்டம், உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய பவுடர் உட்பட எல்லாவற்றையும் எழுதி மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மனநிலையைச் சீராக்கும் லாமோட்ரிஜின் மாத்திரை புதிதாகத் தொடங்கியிருந்தால் முதல் 8 வாரம் எந்த மூலிகையையும் சேர்க்காதீர்கள். அந்த மருந்தால் தோலில் தடிப்பு வரக்கூடும். சில வேளை அது உயிருக்கே ஆபத்தாகும். அப்போது காரணம் எது என்று குழம்ப இடம் இருக்கக் கூடாது.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் கோளாறுக்கென்றே நிரூபிக்கப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. துணை உணவுகளில் சற்றேனும் நேரடி ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய்க்கு. 2003இல் மேரி ஸனரினியும் ஃபிராங்கென்பர்க்கும் இந்தக் கோளாறு உள்ள 30 பெண்களிடம் 8 வாரம் நடத்திய ஆய்வில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பான இ.பி.ஏ.வைத் தினமும் 1 கிராம் எடுத்தவர்களுக்கு ஆவேசமும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதில் தொடங்குவதே சரி. இங்கே பலரும் லேபிளில்தான் ஏமாறுகிறார்கள். 1000 மி.கி. என்று எழுதிய சாதாரண கேப்சூலில் இ.பி.ஏ. பெரும்பாலும் 180 மி.கி.தான். அப்படியானால் 1 கிராமுக்கு ஐந்தாறு கேப்சூல் விழுங்க வேண்டும். அடர்த்தி கூடியதாகப் பார்த்து வாங்கி, சாப்பாட்டோடு எடுங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மூலிகை என்றதும் முதலில் கைக்கு வருவது அமுக்கரா, அதாவது அசுவகந்தா. நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் இந்தியாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வேரின் சத்து 300 மி.கி. காலையும் இரவும் 60 நாள் கொடுத்தபோது அழுத்தமும், அழுத்த ஹார்மோனான கார்டிசோலும் குறைந்தன. அவர்கள் பார்டர்லைன் உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. அந்த 300 மி.கி. செறிவூட்டிய சத்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடியில் 300 மி.கி. அதற்கு ஈடாகாது. அதற்காகப் பொடியின் அளவை நீங்களாக ஏற்றிக்கொள்ளவும் கூடாது.

சித்த மருத்துவத்தின் அமுக்கரா சூரணம் வேறு சரக்கு. அதில் மிளகும் திப்பிலியும் சுக்கும் சேர்ந்திருக்கும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில மருந்துகளை இரத்தத்தில் ஏற்றிவிடும். கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளை எடுப்பவர்களுக்கு இது நிஜமான சிக்கல். அசுவகந்தாரிஷ்டத்தில் நொதித்து உருவான ஆல்கஹால் இருக்கிறது. குளோனசெபாம் போன்ற, படபடப்பைத் தணிக்கும் மாத்திரை எடுப்பவர்களும் குடியை விட்டவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

அமுக்கராவைச் சோதிப்பதென்றால் 300 மி.கி. ஒருவேளை, இரவு உணவுக்குப் பின், இரண்டு வாரம். தொந்தரவு இல்லையென்றால் இரண்டு வேளை. தைராய்டு மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் எடுக்கக் கூடாது. தொடங்குமுன் கல்லீரல், தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து, 6 முதல் 8 வாரத்தில் திரும்பச் செய்வது நல்லது. அரிதாக இது கல்லீரலைப் பாதிக்கும். பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள். சிறுநீர் அடர் மஞ்சளானால், உடல் அரித்தால், சாப்பாடு பிடிக்காமல் போனால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சிலர் இதை எடுக்கும்போது உணர்ச்சியே மரத்துப்போனது என்கிறார்கள். ஏற்கெனவே உள்ளுக்குள் வெறுமையோடு வாழ்பவருக்கு அது நிம்மதி ஆகாது. அப்படித் தோன்றினாலும் நிறுத்துங்கள்.

'பிராமி' கேட்டு வாங்கும்போது பாட்டிலின் தாவரப் பெயரைப் படியுங்கள். நீர்ப்பிரமியையும் (Bacopa monnieri) வல்லாரையையும் (Centella asiatica) ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறார்கள். ஆய்வுகளில் 300 மி.கி. சத்தாக 12 வாரம் கொடுக்கப்பட்டது நீர்ப்பிரமி. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், வயிறு போகும்.

தொடவே கூடாதவை மூன்று. மனச்சோர்வுக்கு என்று விற்கப்படும் மேலை நாட்டு மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: ஃபுளுவாக்செடின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம், கருத்தடை மாத்திரையையும் செயலிழக்கச் செய்யும், நிறுத்திய பிறகும் அதன் விளைவு சுமார் இரண்டு வாரம் நீடிக்கும். சர்ப்பகந்தா: தூக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்று விற்கிறார்கள், அதிலுள்ள ரிசர்பின் மனச்சோர்வை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கை பழையது, தற்கொலை எண்ணம் வந்துபோகும் ஒருவருக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மூன்றாவது, படபடப்புக்கு என்று விற்கப்படும் காவா வேர்: அது கல்லீரலைப் பாதிக்கலாம். லித்தியம் எடுப்பவர்கள் சிறுநீர் பெருக்கும் மூலிகைகள் எதையும் சேர்க்காதீர்கள். லித்தியம் உடலில் தேங்கி நஞ்சாகலாம்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எட்டு மூலிகை கலந்த 'ஸ்ட்ரெஸ்' கேப்சூல் வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதை நிறுத்துவது என்றே தெரியாது. உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

வீட்டில் 15 நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். கொதிக்கும் நேரத்தில் கையில் கிடைத்ததை மொத்தமாக விழுங்கும் உந்துதல் இந்தக் கோளாறில் வரும். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அந்தந்த நாளுக்கானதை வாங்கிக்கொள்வது கௌரவக் குறைவல்ல. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. அல்லது நேராக மருத்துவமனை.

எடுக்கத் தொடங்கி 8 வாரம் முடிந்ததும் நோட்டைத் திறந்து, எதையும் எடுக்காத முதல் இரண்டு வாரத்தின் சராசரியையும் கடைசி இரண்டு வாரத்தின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தணியும் நேரம் 90 நிமிடத்திலிருந்து 60க்கு வந்திருந்தால் தொடரலாமா என்று அந்தப் பக்கத்தோடு மருத்துவரைக் கேளுங்கள். எண்கள் அசையவில்லையா, நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் எதுவும் எடுக்காமல் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.