வரலாற்றுச் சாயல் கொண்ட மிகுபுனைவு நாவலுக்கு வாசகர் கருத்து எழுதும் முறை

சோழர் காலத்தையோ பல்லவர் காலத்தையோ நினைவூட்டும் ஒரு நாடு, அதில் மந்திரம், தலைமுறைப் பகை, ஆயிரம் பக்கம். இப்படியொரு நாவலை முடித்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள்: ‘கீழே வைக்கவே முடியல’, அல்லது ‘வரலாறே தெரியாமல் எழுதியிருக்கிறார்’. வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. எந்த இடத்தில், எதனால் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தேவை.

முன்னுரை, வரைபடம், பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது அங்கேதான் தெரியும். ‘இது 10ஆம் நூற்றாண்டுச் சோழநாடு’ என்று சொல்லிவிட்டு விருந்தில் மிளகாய் அரைத்த குழம்பு ஊற்றினால் அது பிழை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வந்த பிறகே இங்கு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலைக்கும் இதே கணக்கு. நாடும் அரச மரபும் முழுக்கக் கற்பனை என்றால் மிளகாயைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த உலகம் தான் போட்ட விதியைத் தானே மீறுகிறதா?

அதைக் கண்டுபிடிக்க, படிக்கும்போதே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆட்களின் பெயர், பயண தூரமும் நாளும், மந்திரத்தின் விதி, மனத்தில் நின்ற வரி. பக்க எண்ணைவிட அத்தியாய எண் நல்லது. மின்நூலிலும் ஒலிநூலிலும் பக்கம் ஒத்துவராது.

பெயர்க் குழப்பம்தான் வாசகர்களின் முதல் புகார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம் வரலாற்றில் இயல்பு: அருள்மொழி, ராஜராஜன், மும்முடிச்சோழன் எல்லாம் ஒருவரே. ஆகவே ‘பெயர்கள் அதிகம்’ என்று நிறுத்தாதீர்கள். பெயர் மாறும் இடத்தில் ஆளை அடையாளம் காண ஆசிரியர் ஒரு குறிப்பாவது, பேச்சுவழக்கோ தழும்போ, தந்திருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.

தூரக் கணக்கு பல நாவல்களின் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். நல்ல குதிரை ஒரே நாளில் 50, 60 கிலோமீட்டர் போகும். யானையும் வண்டியும் சேர்ந்த படை 15, 20 தாண்டினால் அதிகம். அதாவது படை போய்ச்சேர இரண்டு வாரம். ஆடியில் கொள்ளிடம் பெருக்கெடுத்தால் இன்னும் கூடும். ஒரே இரவில் படை வந்துவிட்டது என்றால் அதற்கு மந்திரம் வேண்டும், அந்த மந்திரத்துக்கு ஒரு விலையும் வேண்டும். கடலிலும் இப்படித்தான்: கிழக்கே கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) பக்கம் போகத் தென்மேற்குப் பருவக்காற்று, திரும்பி வர வடகிழக்குக் காற்று. காற்று பார்க்காமல் நினைத்த மாதத்தில் கப்பல் விடும் கதை நம்பும்படி இருக்காது.

வரலாற்றைச் சரிபார்க்கும்போது சான்று, ஊகம், கற்பனை என்று மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜராஜனின் அண்ணனான சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடையவர்களாக ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயரைச் சொல்கிறது. அவர்கள் சொத்து பறிமுதலானதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஒரு காரணத்தைக் கற்பித்து எழுதுவது நாவலாசிரியரின் உரிமை. அதைப் ‘பொய் வரலாறு’ என்று எழுதுவது நியாயமில்லை. அந்தக் காரணம் பாத்திரத்தின் குணத்துக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். நல்ல கருத்துரை அங்கேதான் பிறக்கிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு எளிது. எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகமும் அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நூலகத்தில் வரலாற்று நூல்களைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே வெண்கலக் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சிலைகளின் ஆடை, அணிகலன், கொண்டை எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். நாவலின் இளவரசி அணிந்திருப்பது எந்தக் காலத்து உடை என்பது அப்போது விளங்கும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பழைய தொடர்கதை இதழ்களோடு ஒப்பிட வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

எழுதும்போது 400 முதல் 600 சொல் போதும். கதைச் சுருக்கத்துக்கு 80 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள், அதுவும் முதல் கால்பங்குக் கதையோடு நிறுத்துங்கள். பல பாகம் உள்ள நூலென்றால் எந்தப் பாகம் வரை படித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மொழியைப் பற்றிச் சொல்ல ஒரு சோதனை உண்டு: அரசன், படகோட்டி, காவல் வீரன் மூவரின் வசனத்தையும் பெயரை மறைத்துப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால், எல்லோரும் ஒரே மேடைத் தமிழ் பேசுகிறார்கள் என்று உதாரணத்தோடு எழுதலாம். ‘நடை கனமாக இருந்தது’ என்பது மட்டும் யாருக்கும் எதையும் சொல்லாது.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இவ்வகை நாவல் பற்றிய பேச்சு சீக்கிரமே ‘எங்கள் அரசன், உங்கள் அரசன்’ என்று சாதிப் பெருமைச் சண்டையாகிவிடுகிறது. அந்தச் சண்டையில் நூல் காணாமல் போகிறது. அரச மரபின் பெருமையை நாவல் கேள்வி கேட்டால், எந்தக் காட்சி மூலம் கேட்கிறது, அது வலுவாக இருக்கிறதா என்று பேசுங்கள். இன்றைய குடும்பப் பெயர்களை அதற்குள் இழுக்காதீர்கள்.

சேர்ந்து படிப்பவர்கள் ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் கூடுவதானால் மாலை வேளை சத்தமாக இருக்கும்; காலை நல்லது. முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கீடு கூடாது. வரலாறு நன்றாகத் தெரிந்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால், கதையை ரசித்தவர்கள் தங்கள் ரசனையைச் சொல்லவே கூச்சப்படுவார்கள், மீதி நேரம் முழுக்க ஆண்டுக் கணக்கில் போய்விடும்.

கருத்துகளைத் தொகுக்கும்போது நட்சத்திர மதிப்பெண்ணைக் கூட்டி வகுக்காதீர்கள். ஐந்தும் ஒன்றும் சேர்ந்து மூன்றானால் அந்த மூன்று யாருடைய கருத்தும் இல்லை. அதைவிட, பாதியில் நிறுத்தியவர்கள் எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பலர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அங்கே கதையோட்டத்தில் கோளாறு இருக்கிறது. பெரும்பாலும் நீண்ட வம்ச வரலாறோ புதிதாக நுழையும் பத்துப் பெயர்களோ காரணமாக இருக்கும். ஆளுக்கொரு இடத்தில் நின்றிருந்தால் அது ரசனை வேறுபாடு. அந்த அத்தியாய எண்ணோடு, இன்னும் எத்தனை அத்தியாயம் பொறுத்தால் கதை மீண்டும் சூடுபிடிக்கிறது என்பதையும் முடித்தவர்களிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.