பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதுமா?

எங்கள் வீட்டு வேலையின்போது கழிவறைக்கு இறங்கிய பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரை பளிச்சென்று இருந்தது. திருப்தியாக உள்ளே அடுக்கச் சொல்லிவிட்டேன். அதே வரியில் ‘டைப் ஏ’ என்றும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்குமான ரகம். மலக்கழிவுக்கு ‘டைப் பி’ வேண்டும். பூச்சு வேலைக்கு முன்பே வேறொரு பிளம்பர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். முத்திரை பொய்யில்லை, பைப்தான் அந்த வேலைக்கானதில்லை.

படி 1: எந்த வேலைக்கு எந்த எண்?

முத்திரைக்கு மேலே ‘ஐஎஸ்’ என்று தொடங்கும் எண் இருக்கும். குடிநீருக்கான யுபிவிசி (கடினமான பிளாஸ்டிக்) பைப் என்றால் 4985. சுடுநீரும் போகிற சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்புக்கு 15778. கட்டடக் கழிவுநீருக்கு 13592. நான் சொன்ன ஏ, பி இரண்டுமே இதற்குள்தான் வரும். மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு 12701. எல்போ, டீ போன்ற இணைப்புத் துண்டுகளுக்குத் தனி எண்கள் உண்டு. பைப்பின் எண்ணை அவற்றில் தேடாதீர்கள்.

படி 2: அச்சு வரியை முழுதாகப் படியுங்கள்

பைப்பை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். விட்டம், ரகம், தயாரிப்பு விவரம் எல்லாம் ஒரே வரியில் ஓடும். சிபிவிசியில் ‘எஸ்டிஆர் 11’ அல்லது ‘13.5’ என்று இருக்கும். வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வருவது இந்த எண். எனவே எண் சிறிதானால் பைப்பின் சுவர் தடிமனாக இருக்கும். 22.2 மி.மீ. பைப்பில் 11 என்றால் சுவர் சுமார் 2 மி.மீ. பெரிய எண்தான் உசத்தி என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய.

படி 3: உரிம எண்ணைச் சரிபாருங்கள்

முத்திரைக்குக் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். வெறும் சின்னம் மட்டும் இருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பைப்பில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

படி 4: விதி என்ன சொல்கிறது?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதலில் வந்தது. 2016 பதிப்பில் ஒன்பதாம் பகுதி பிளம்பிங்குக்கானது. அது பரிந்துரைதான், மாநில அரசோ உள்ளாட்சியோ தன் விதியில் சேர்த்தால்தான் கட்டாயம். தமிழ்நாட்டில் வரைபட அனுமதிக்குப் பார்க்க வேண்டியது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

படி 5: சுவரை மூடும் முன்

தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ஒவ்வொரு சுவரிலும் அந்த அச்சு வரி தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். பூச்சு பூசிய பிறகு உள்ளே ஏயா பியா என்று உடைத்துத்தான் பார்க்க முடியும்.