பழைய துவக்கைப் பேணுவது எப்படி

இலங்கை மலையகத்துத் தோட்டப் பங்களாக்களில் இன்றும் சில இடங்களில் பழைய துவக்குகள் சுவரில் தொங்குகின்றன. பெரும்பாலும் அவை கோப்பிக் காலத்தவை. 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்த அதே காலத்தில், குழல்வாய் வழியாகக் கரிமருந்து இட்டு இடித்துச் சுடும் துவக்குகள் போய், பின்புறம் தோட்டா செருகும் துவக்குகள் வந்தன. தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்த எனக்கு இந்தப் பழைய இரும்பின்மேல் தீராத பற்று உண்டு. எப்படிப் பேண வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்க்காமல் வேறு எதையும் செய்யக் கூடாது. ஈரம் படாத கரிமருந்து நூறு ஆண்டு கடந்தும் வெடிக்கும். குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியலை, இழுக்காதீர்கள், விசையைத் தொடாதீர்கள். குதிரைக்குக் கீழே உள்ள குமிழில் செப்புக் கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) ஒட்டியிருந்தால் துவக்கை அப்படியே விட்டுவிட்டுப் பொலிஸாரை அழையுங்கள். கேப்பு இல்லையென்றால், குழல்வாய்க்கு நேரே முகமோ கையோ வராமல் பக்கவாட்டில் நின்று, மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். உலோகக் கம்பி வேண்டாம், குத்தவும் வேண்டாம். குச்சி நின்றதும் குழல்வாய் வரும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, தீ நுழையும் சிறு துளைக்கு அருகே வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால், உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியே எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. துருவோ குளவிக்கூடோ தடுத்திருக்கலாம் என்று நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது அனுமதி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. பாட்டனார் காலத்துத் துவக்கு என்பது அனுமதிப்பத்திரம் ஆகாது. வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். பத்திரம் காட்டாதவரிடம் எவ்வளவு அழகான துவக்கையும் வாங்காதீர்கள்.

இனி, உங்கள் கையில் இருப்பது எது என்று அறிய வேண்டும். குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் அமைப்பு இருந்தால் பழைய முறை. சிறு குமிழின்மேல் கேப்பு வைக்கும் அமைப்பு என்றால் 19ஆம் நூற்றாண்டின் முறை. குழலின் அடியில் கிரீடமும் எழுத்தும் பொறித்திருந்தால் அது பிரிட்டனில் சோதிக்கப்பட்டதன் முத்திரையாக இருக்கலாம். பர்மிங்காமின் சோதனைச்சாலை 1813இல் சட்டப்படி நிறுவப்பட்டது. குதிரையை இயக்கும் விசைப்பொறி இடப்பக்கம் அமைந்து, கட்டையில் செதுக்கல் வேலையும் தந்தமோ வெள்ளியோ பதித்த வேலையும் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது இந்த நாட்டுக் கம்மாளர் கைவண்ணம். கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொண்டுபோய், 2023இல் நாடு திரும்பிய லேவ்கே பீரங்கியைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பாருங்கள். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அதைக் கண்டவர், பழைய குழலில் உப்புத்தாளை வைக்க மனம் கொள்ள மாட்டார்.

இதைத்தான் நான் மன்றாடிக் கேட்கிறேன்: பளபளப்பாக்காதீர்கள். உப்புத்தாள் துருவோடு முத்திரையையும் தின்றுவிடும். பழப்புளியில் பித்தளையைத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி, பதித்த வேலைக்குச் சரியில்லை. மெல்லிய எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் செந்துருவை மட்டும் மெதுவாக எடுங்கள். பொருக்குத் துருவைச் செப்புத் தகட்டின் ஓரத்தால் சுரண்டலாம். செம்பு இரும்பைவிட மென்மையானது. கீழே தெரியும் கரும்பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசித் துணியால் துடையுங்கள். கைவியர்வையின் உப்பும் துருவைக் கொண்டுவரும், ஆகவே கையுறை நல்லது.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேற்கு மழைக் காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். தோலுறையிலோ துணியிலோ சுற்றி வைத்தால் ஈரம் உள்ளே தங்கிவிடும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பங்களாக்களில் கணப்படுப்புக்கு மேலே மாட்டுவது வழக்கம். அந்தச் சூட்டில் கட்டை உலர்ந்து வெடிப்பு விடும். உள்சுவரில், காற்று படும்படி, மர முளைகளின்மேல் வைப்பதே சரி. மழைக் காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, மெழுகு தேய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்தப் பழைய குழல்களில் கூடாது. உள்ளே துரு அரித்த பள்ளத்தையும் பற்றவைப்பில் விட்ட விரிசலையும் வெளியிலிருந்து காண முடியாது. வெளிநாட்டில் அனுமதியுள்ள சுடுகளங்களில், சோதித்துத் தேறிய புதிய பிரதிகளைக் கொண்டுதான் சுடுகிறார்கள். அவற்றிலும் கரிமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற மருந்தை இட்டால் குழல் சிதறும். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவார்கள். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும் உப்பு. எண்ணெயில் அது கரையாது, நீரில்தான் கரையும்.