கோடு விழுந்தால் கொட்டிலைத் திறக்காதீர்கள்: காந்தப் புயல் பதிவில் நடக்கும் பிழைகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சொந்தமாகக் காந்தமானி, அதாவது பூமியின் காந்தப் புலம் மாறுவதைக் கோடாகப் பதியும் கருவி, செய்து கொட்டிலில் வைக்கும் ஆட்கள் இப்போது எனக்குத் தெரிந்தே சில பேர் இருக்கிறார்கள். சில்லு மலிவு, சின்னக் கணினியும் மலிவு, பிவிசி குழாய் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். 2024 மே மாதக் காந்தப் புயலுக்குப் பிறகு (சூரியனிலிருந்து வரும் பிளாஸ்மா முகில் பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்குவதுதான் காந்தப் புயல்) ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. சந்தோசம்தான். ஆனால் அவர்கள் அனுப்பும் வரைபுகளைப் பார்த்தால் நாங்கள் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் வருகின்றன.

பற்றரி இறங்கியது, மெமரி கார்ட் நிரம்பியது, வயரை எலி கடித்தது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நடந்தால் அடுத்த தடவை தானாகக் கவனம் வந்துவிடும். பிழை நடந்ததே தெரியாமல், கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பவைதான் எனக்குக் கவலை.

முற்பகல் ஏற்றத்தைப் புயல் என்று நினைப்பது

நாம் இருக்கும் இடம் சாதாரண இடம் இல்லை. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனைக்கும் இலங்கைக்கும் கிட்ட ஓடுகிறது. காந்த ஊசி மேலும் சாயாமல் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு அது. அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் ஏறத்தாழ மூன்று பாகைக்குள், தலைக்கு மேலே 105 கிலோமீற்றர் உயரமளவில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பலமான மின்னோட்டம் ஓடும். பெரு நாட்டில் ஹுவான்காயோ நிலையம் 1922இல் பதிவைத் தொடங்கிய பிறகுதான், அங்கே பகல் ஏற்றம் மற்ற இடங்களை விட அசாதாரணமாகப் பெரிது என்று தெரியவந்தது. 1951இல் சிட்னி சாப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர் வைத்தார்.

நம் ஊருக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், எந்தப் புயலும் இல்லாத அமைதியான நாளில்கூட வடக்கு அச்சின் கோடு (கருவி வடக்கு, கிழக்கு, செங்குத்து என்று மூன்று அச்சில் அளக்கும்) காலை ஏழு மணிக்குப் பிறகு ஏறத் தொடங்கி, பதினொரு மணியளவில் உச்சிக்குப் போய், பின்னேரம் பழைய இடத்துக்கு வரும். 50, 100 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) எல்லாம் சர்வ சாதாரணம். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை உள்ள இறக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து "புயல் தொடங்கிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். சில நாட்களில், குறிப்பாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அந்த மின்னோட்டம் பின்னேரத்தில் எதிர்த் திசைக்குத் திரும்பி, கோடு இரவு மட்டத்துக்கும் கீழே போகும். அதுவும் புயல் இல்லை.

ஆகவே முதலில் ஒரு மாதம் சும்மா பதியுங்கள். ஒவ்வொரு நாளையும் நள்ளிரவு மட்டத்திலிருந்து அளந்து, அமைதியான நாட்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் வளவின் வழமையான நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் வழமையில்லாத நாளைக் கண்டுபிடிக்க முடியாது.

புயல் நேரத்தில் கொட்டிலைத் திறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

2024 மே 10ஆம் திகதி, உலக நேரம் 17:05. நமக்கு இரவு 10:35. சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா முகில் பூமியின் காந்தப் புலத்தில் மோதியது, நிலையங்களில் எல்லாம் கோடு சட்டென்று எகிறியது. அப்புறம் இரவிரவாக இறங்கிக்கொண்டே போனது. புயலின் பலத்தைக் காட்டும் டிஎஸ்டி சுட்டெண் மறுநாள் உலக நேரம் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் மிகத் தாழ்ந்து, −400 நானோடெஸ்லாவையும் தாண்டியது. நம் கடிகாரத்தில் அது காலை எட்டு மணியளவு. 2003 நவம்பருக்குப் பிறகு அதுவரை இந்த அளவில் ஒரு புயல் வரவில்லை.

படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் ஒரு காந்தமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல இடம், றோட்டுக்குத் தூரம், கரண்ட் கம்பியும் கிட்ட இல்லை, கிடுகால் மேய்ந்த சின்னக் கொட்டில். சனிக்கிழமை காலையில் பொறுப்பாக இருந்தவர் வந்து திரையைப் பார்க்கிறார். ஏறத் தொடங்க வேண்டிய கோடு எங்கேயோ அடியில் கிடக்கிறது. கருவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று, திறப்புக் கொத்தும் போனும் இடுப்பில் பெல்ட்டுமாக உள்ளே போய், சென்சரைத் திருப்பி மட்டம் பார்த்து வைத்து, கோட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை அமத்தி, பதிவை நிறுத்தித் திரும்பத் தொடங்கிவிட்டு, எனக்குப் போன் எடுக்கிறார்.

"சேர், சென்சர் சரிஞ்சு போச்சு. நிமித்தி வெச்சிட்டம்."

"சரிஞ்சு கிடந்ததக் கண்ணால கண்டீங்களா?"

"கண்ணுக்கு ஒண்டும் தெரியல்ல சேர். கோடுதான் விழுந்து கிடந்திச்சு."

கோடு விழுவதற்குத்தானே ஐயா அந்தக் கருவியை அங்கே வைத்தோம்!

அவர் கவனமில்லாத ஆள் இல்லை. கவனம் கூடியதால்தான் ஓடிப் போய்த் திறந்தார். இந்தப் பிழையின் தொல்லையே அதுதான், அக்கறை உள்ளவர்களே இதைச் செய்வார்கள். பல மாதம் ஒழுங்காக ஓடிய கோடு ஒரு நாள் முழுசாக மாறிக் கிடந்தால் "கருவி பழுது" என்றுதான் மனம் முதலில் சொல்லும்.

சேதம் எவ்வளவு என்று பாருங்கள். புயலின் அடிமட்டம் வந்த நேரமே இடைவெளியாகப் போனது. அதை விடப் பெரியது, அதற்குப் பிறகு வந்த கோட்டை முந்தைய கோட்டோடு ஒட்ட முடியாமல் போனது. சென்சரைத் திருப்பியதால் அச்சின் திசை கொஞ்சம் மாறிவிட்டது, பூச்சியத்தை அமத்தியதால் ஒப்பிடும் மட்டமும் போய்விட்டது. புயல் எவ்வளவு ஆழம், இரண்டாம் நாள் எவ்வளவு மீண்டது, ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய நிலையங்களில் இப்படி உடைந்தாலும் ஒட்டலாம். அங்கே தொடர்ந்து ஓடும் கருவி மாற்றத்தை மட்டும் காட்டும். அதற்குப் பக்கத்தில் புரோட்டன் காந்தமானியால் புலத்தின் முழு அளவையும், காந்தமில்லாத, கோணம் அளக்கும் தியோடலைற்றால் அதன் திசையையும் அடிக்கடி நேரடியாக அளந்து, ஒப்பிடும் மட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். நம்மிடம் அந்தத் தியோடலைற் இல்லை. நமக்கு இருக்கும் ஒரே சொத்து, தொடாமல் விட்ட ஒரு கோடு.

சரி, உண்மையிலேயே சென்சர் சரிந்திருந்தால்? கொட்டிலைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம், அதுவும் நம் ஊரில் மிகச் சுலபம். இங்கே புலம் ஏறத்தாழ முழுக்கக் கிடையாக, வடக்கு நோக்கி, சுமார் 40,000 நானோடெஸ்லா. சென்சர் வடக்குப் பக்கம் ஒரு பாகை சரிந்தால் வடக்கு அச்சில் குறைவது வெறும் 6 நானோடெஸ்லா. ஆனால் செங்குத்து அச்சில் மாற்றம் 700 அளவுக்கு வரும். பக்கவாட்டில் ஒரு பாகை திரும்பினால் அதே 700 கிழக்கு அச்சில் வரும். வடக்கு அச்சில் 400 விழ வேண்டும் என்றால் சென்சர் எட்டுப் பாகை சரிய வேண்டும், அப்படிச் சரிந்தால் செங்குத்து அச்சு 5,000க்கு மேல் பாய்ந்திருக்கும். ஆக, வடக்கு அச்சு மட்டும் நூற்றுக்கணக்கில் விழுந்து மற்ற இரண்டும் அவ்வளவாக அசையவில்லை என்றால் அது சரிவே இல்லை. சென்சர் திடீரென்று சரிந்தால் கோடு ஒரு படியாக விழுந்து அப்படியே நிற்கும், புயல் கோடு மணிக்கணக்காக நெளிந்துகொண்டே இறங்கும்.

கணக்குப் போட நேரமில்லையா? போனில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டிஎஸ்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். உலகக் காந்த நிலையங்களின் இன்டர்மக்னெற் வலையமைப்பில் மகாராஷ்டிராவின் அலிபாக், ஹைதராபாத் கோடுகள் கிடைக்கும். மகாராஷ்டிராவிலும் கோடு விழுந்திருந்தால் உங்கள் கொட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகும் உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், புயல் அடங்கச் சில நாள் பொறுங்கள். போகும்போது நேரத்தையும் செய்ததையும் கொப்பியில் எழுதுங்கள். பூச்சியப் பொத்தானை மென்பொருளில் இருந்தே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. நான் உதவி செய்யும் இடங்களில் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

வீச்சைச் சின்னதாக வைப்பது

நாளாந்த ஏற்றம் திரையில் அழகாகத் தெரிய வேண்டும் என்று அளவெல்லையை ±200க்குச் சுருக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய புயல் வந்தால் கோடு எல்லையில் மோதி வெட்டுப்பட்டுவிடும். இது பழைய கதைதான். 1859 செப்ரெம்பர் புயலில் இங்கிலாந்தின் கியூ, கிரீனிச் நிலையங்களின் ஒளிப்படப் பதிவுகள் தாளை விட்டே வெளியே போயின. பம்பாயின் கொலாபாவில் ஆட்கள் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வழமையாக மணிக்கு ஒரு தடவை எழுதுபவர்கள், குழப்பம் கண்டதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூட எழுதினார்கள். கிடைத்தது சுமார் 1,600 நானோடெஸ்லா இறக்கம். அந்தப் புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் கொலாபாவின் அந்த எண்களுக்குத்தான் வருகிறார்கள்.

பதிவின் எல்லையை ±2,000க்கு மேல் வையுங்கள். திரையில் காட்டும் அளவை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம்.

இரும்பு

அசையாத இரும்போடு சண்டை பிடிக்காதீர்கள். கிணற்றுக் கப்பி, பழைய கேற், கடற்கரைக் கருமணல், இவை இருந்த இடத்திலேயே இருந்தால் மட்டத்தைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். அசைவதுதான் பதிவைக் கெடுக்கும். பத்து மீற்றர் தூரத்தில் போகும் கார் பத்து, இருபது நானோடெஸ்லா காட்டும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் அது எட்டில் ஒன்றாகக் குறையும், ஆகவே சுவருக்கு ஈயத்தகடு அடிப்பதை விட இருபது யார் வயர் கூட வாங்குவது பயன். நேர்மின்னோட்டம் ஓடும் வயர் இன்னும் மோசம். பம்பாயில் மின்சார ட்ராம் வரப்போகிறது என்றதும் கொலாபாவின் காந்தப் பதிவையே அங்கிருந்து எடுத்து 1904இல் அலிபாக்கில் புது நிலையம் தொடங்கினார்கள். உங்கள் சூரியத் தகட்டின் வயர் சென்சருக்கு மேலாகப் போகிறதா என்று பாருங்கள்.

நேரம்

கணினியின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடட்டும். மற்றதெல்லாம் பிறகு. காந்தக் குழப்பத்தின் அளவைக் காட்டும் மூன்று மணித்தியாலக் கே சுட்டெண்ணின் இடைவெளிகள் உலக நேரத்தில்தான் பிரிக்கப்படுகின்றன, நமக்கு அவை 5:30, 8:30, 11:30 என்று தொடங்கும். இலங்கை நேரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி: 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கு வந்தார்கள். நடுவில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அந்தக் காலத்துக் கொப்பி ஏதாவது, மழை அளவோ வானொலிக் குறிப்போ, கையில் கிடைத்தால் எந்த நேரத்தில் எழுதியது என்று கேட்காமல் புயல் நேரத்தோடு பொருத்த வேண்டாம்.

கோட்டைச் "சுத்தம்" செய்வது

பாய்ச்சல்களை நீக்கும் மென்பொருள் வடிகட்டி, புயல் தொடங்கும் அந்தத் திடீர்க் குதிப்பையும் சேர்த்து நீக்கிவிடும். மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள், பிரதி எடுத்துச் செய்யுங்கள்.

அச்சு எது என்று எழுதாமல் விடுவது

எழுதுங்கள். பெட்டியின் மேலேயே, அழியாத மையால்.

ஒரு கொட்டிலை வைத்துப் புயலுக்கு எண் கொடுப்பது

டிஎஸ்டி என்பது ஹொனொலுலு, ககியோகா, சான் ஹுவான், ஹெர்மானஸ் ஆகிய நான்கு நிலையங்களில் இருந்து கணிக்கப்படுவது. நடுக்கோட்டு மின்தாரை கலக்காத இடங்களாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். நாம் அந்த மின்தாரைக்குக் கீழேயே இருக்கிறோம், பகலில் புயல் தொடங்கும் திடீர்க் குதிப்புக்கூட இங்கே பெரிதாகத் தெரியும். ஆகவே "மட்டக்களப்பில் டிஎஸ்டி இவ்வளவு" என்று எழுதாதீர்கள். "வடக்கு அச்சு, நள்ளிரவு மட்டத்திலிருந்து இவ்வளவு" என்று எழுதினால் போதும், அது யாருக்கும் பயன்படும்.

வெப்பமும் மாரியும்

மலிவான சில்லுகள் வெயிலுக்கு நகரும். கொட்டிலின் சூடு இரண்டு, மூன்று மணிக்கு உச்சம், மின்தாரை பதினொன்றுக்கு உச்சம். உங்கள் கோடு மூன்று மணிக்கு உச்சிக்குப் போனால் நீங்கள் பதிவது பெரும்பாலும் வெப்பமானியைத்தான். ஒரு மீற்றர் ஆழத்தில் புதைத்தால் இது அடங்கும். ஆனால் நம் பக்கம் மார்கழியில் தண்ணி நிலத்துக்கு மேலேயே வந்துவிடும், வாய் அடைத்த பிவிசி குழாய் காற்றோடு மெல்ல மெல்ல மிதந்து எழும்பிச் சரியும், அப்போது மேலே சொன்ன அந்த 700 நானோடெஸ்லா செங்குத்து அச்சில் உண்மையாகவே வரும். மாரிக்கு முதல் குழாயின் அடியில் கம்பி போடாத கொங்கிரீட் கட்டியை வைத்து, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுற்றிவர ஆற்று மணல் போட்டு இடியுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம்.