ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை பிடிக்கவில்லையா? போன் இருக்கிறதே!

கிளிநொச்சியில் வீட்டுப் பழைய மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவினேன். முடிந்ததும் வந்தது கட்டளை அடிக்கும் வெறும் கறுப்புத் திரை; வைஃபையும் இல்லை. லினக்ஸ் பழகியவர்களையும் இது திகைக்க வைக்கும். பதற வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) போடுங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) நுழைந்து, கேஎல்டிலோட் (kldload) கட்டளையால் இஃப்_யூஆர்என்டிஐஎஸ் (if_urndis) டிரைவரை ஏற்றுங்கள். போன் பெரும்பாலும் யூஇ0 (ue0) என்ற பெயரில் தெரியும். அப்புறம் டிஎச்கிளையன்ட் யூஇ0 (dhclient ue0) என்று கொடுத்தால் இணையம் வந்துவிடும். இனி மென்பொருள் நிறுவும் பிகேஜி (pkg) வழியாக, திரையில் வரைகலை காட்டும் எக்ஸ்ஆர்க் (xorg), டெஸ்க்டாப் தரும் எக்ஸ்எஃப்சிஇ (xfce) இரண்டையும் இறக்கலாம். டேட்டா நிறையப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸைப் பயன்படுத்தும் அனுமதிக்காக உங்கள் கணக்கை வீடியோ (video) குழுவில் சேர்க்கவும் மறக்காதீர்கள்.

நிறுவும்போதே இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பமைப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அது பழைய தரவின் மேலேயே எழுதாது. திடீரென்று கரண்ட் போனாலும் கோப்பமைப்பு குலையாமல் நிற்கும்.