பைபாஸுக்குப் பிறகு தூக்கம்: வீட்டுக்கு வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர்களிடம் இரண்டு வாரம் கழித்துப் பேசிப் பாருங்கள். நெஞ்சில் போட்ட தையலைப் பற்றிக்கூட அதிகம் சொல்ல மாட்டார்கள், தூக்கத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். "மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது சார், அப்புறம் விடியுற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்." எங்கள் நடைப்பயிற்சி வட்டத்தில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் பல பேர் இருக்கிறோம், பெரும்பாலும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். புதிதாக ஒருவர் வந்து சேரும்போதெல்லாம், பழைய ஆட்கள் செய்த அதே காரியங்களை அவரும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். அன்றைக்கு அது செய்தி. இன்றைக்குத் தெருவுக்கு ஒருவர் செய்துகொண்டு, சிக்கல் ஏதும் இல்லையென்றால் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் உப்பு, நடை, காயத்தைக் கழுவும் விதம் எல்லாம் இருக்கும். தூக்கத்துக்கு மட்டும் ஒரு வரி இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பமாகிறது.

ராத்திரி காபி வேண்டாம், படுக்கையில் செல்போன் வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை. இந்தப் பாதையில் நடந்தவன், நடப்பவர்களோடு தினமும் பேசுகிறவன், அவ்வளவுதான்.

பழைய தூக்கத்தை உடனே எதிர்பார்ப்பது

ஐ.சி.யூ.வில் இரவு பகல் தெரியாது. விளக்கு அணையாது, மானிட்டர் சத்தம் நிற்காது, கண் அசந்தால் பி.பி. பார்க்க வந்துவிடுவார்கள். அதற்கு மேல் மயக்க மருந்து, ஆபரேஷனின் அதிர்ச்சி, வலி. உடம்புக்குள் இருக்கும் இரவு பகல் கணக்கே குழம்பிப் போகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், பயங்கரமான கனவுகளும் வரலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும்.

வயதும் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் வயதோடு குறையும், சீக்கிரம் கண்ணைக் கட்டும், சீக்கிரம் விழிப்பு வரும். அறுபத்தைந்துக்கு மேல் ஏழிலிருந்து எட்டு மணி நேரம் போதும் என்கிறார்கள். ஒன்பது மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தவர் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் ஆறு மணி வரை தூங்குகிறார்கள் என்பதற்காக அவர் தன்னை நோயாளி என்று முடிவு கட்டிக்கொண்டால், அந்தக் கவலையே அடுத்த நாள் தூக்கத்தையும் கெடுக்கும்.

தரையில் பாய் விரிப்பது

"எனக்குக் கட்டில் சரிப்படாது, ஐம்பது வருஷமா பாயிலதான் படுக்கிறேன்" என்பார்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, ஸ்டீல் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது சேர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால் கையை ஊன்றாமல் முடியாது, கையை ஊன்றினால் முழு பாரமும் அந்த எலும்பில் போய் விழும். ராத்திரி இரண்டு முறை பாத்ரூம் போகிறவர் இரண்டு முறை அதைச் செய்கிறார்.

முழங்கால் உயரக் கட்டில் போதும். எழும்போது முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை முதலில் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால் இறங்கும் பாரத்திலேயே உடம்பு பாதி எழுந்துவிடும், மீதிக்கு வீட்டில் யாராவது முதுகைத் தாங்கினால் போதும். அந்த நேரம் ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், இருமும்போதும் அது உதவும். முதல் சில வாரம் மட்ட மல்லாக்கப் படுக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கலாம், சாய்வு நாற்காலியில் தூங்கினாலும் குற்றமில்லை. ஒருக்களித்துப் படுப்பது எப்போதிலிருந்து என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழும்போது நெஞ்செலும்பில் 'டக்' என்று சத்தமோ அசைவோ தெரிந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

வலி மாத்திரையை மிச்சம் பிடிப்பது

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலைக்கூடத் தொடாமல் வைத்திருப்பார்கள். நமக்கு ஆகாதவை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை. பைபாஸ் ஆனவர்கள் அவற்றைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமாலைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டாலே பல பேருக்குப் பாதி இரவு அமைதியாகப் போய்விடும். அதைப் போடாமல் வலியோடு புரண்டு கிடந்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று அடுத்த தவறுக்குப் போகிறார்கள். எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீராதது அந்த அடுத்த தவறின் மேல்தான்.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்குவது

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓட ஆரம்பித்ததால் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் கொடுத்திருந்தார்கள். பைபாஸுக்குப் பிறகு இது நிறைய பேருக்கு வருவதுதான். வீட்டுக்கு வந்ததும் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தான் போடும் மாத்திரையின் அட்டையைக் காட்ட, அதே அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி அல்ப்ராசோலம் வாங்கி வந்துவிட்டார்கள். கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அட்டவணை எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சீட்டுக்குக் கொடுத்தாலும் நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. தெரிந்த முகம் என்றால் அந்தப் பதிவேடு வெளியே வருவதில்லை.

நான் போனில் விசாரித்தபோது அக்கா சந்தோஷமாகத்தான் சொன்னாள்: "இப்பல்லாம் நல்லாத் தூங்குறார் தம்பி. ஒரு மாத்திரைதான், பச்சப் புள்ளையாட்டம் தூங்கிடுறார்." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் சில வாரம் அந்த மாத்திரை அப்படித்தான் வேலை செய்யும். அப்புறம் உடம்பு அதற்குப் பழகிவிடும். 0.25 மில்லிகிராம் போதாமல் 0.5 ஆகும். வயதானவர்களின் உடம்பிலிருந்து அது சீக்கிரம் வெளியேறாது, ஆகவே ராத்திரி போட்டதன் மப்பு மறுநாள் காலையிலும் இருக்கும். நடை தள்ளாடும், பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு விட்டுப் போகும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இதோடு இதய நோயாளியின் மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பாருங்கள். பி.பி. மாத்திரை போடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கித் தலை சுற்றும். புராஸ்டேட் தொந்தரவு அல்லது நீர் மாத்திரை, ஏதோ ஒன்று அவரை ராத்திரி எழுப்பியே தீரும். கண்ணில் மாத்திரை மயக்கம், காலில் தள்ளாட்டம், பாத்ரூம் வாசலில் ஈரம். விழுந்தால் ரத்தம் சுலபத்தில் உறையாது. முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடுகிறது, பியர்ஸ் பட்டியல் என்று பெயர். அறுபத்தைந்துக்கு மேல் தூக்கத்துக்காக இந்த வகை மாத்திரை வேண்டாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

அத்தான் பாத்ரூம் நிலைப்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அசிட்ரோம் ஓடிக்கொண்டிருந்ததால் ரத்தம் உறையும் அளவு சரியாகும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, ஆளை அடையாளம் தெரியவில்லை, சொருகியிருந்த ஊசியைப் பிடுங்கினார். தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு நர்ஸ்தான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வேறு ஏதாவது மாத்திரை போட்டாரா என்று கேட்டார். மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை அட்மிட் ஆன அன்றோடு நின்றுபோயிருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரைகளை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்த அக்காவுக்கு, டாக்டர் எழுதாத ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லை.

இன்றைக்கு அவர் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். இதயம் நன்றாக இருக்கிறது.

ஆகவே மூன்று விஷயம். டாக்டர் உங்களுக்கென்று எழுதாத தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள், "சளி மாத்திரைதானே, தூக்கம் நல்லா வரும்" என்று ஏவில் போடுவதும் இதே கணக்குதான், புராஸ்டேட் உள்ளவர்களுக்கு அது சிறுநீரையே அடைத்துவிடக்கூடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அப்புறம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டில் இல்லாத மாத்திரையைத்தான் முதலில் சொல்லுங்கள்.

சரி, மாத்திரை இல்லாமல் என்ன செய்வது? நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரையைத் தேட வேண்டாம், பழக்கத்தை மாற்றும் சிகிச்சையில் தொடங்குங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது. அதன் சாரம் எளிது, செய்வதுதான் கஷ்டம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். படுத்துச் சுமார் இருபது நிமிஷம் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் போக வேண்டும். கட்டிலில் டி.வி. இல்லை, பேப்பர் இல்லை, கணக்குவழக்கு இல்லை. முதல் வாரம் இன்னும் மோசமாக இருப்பது போலத் தோன்றும், இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பலன் தெரியும். ராத்திரி எழும்போது பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகே நில்லுங்கள்.

நீர் மாத்திரையை ராத்திரி போடுவது

லாசிக்ஸ் போட்டால் சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும். காலையில் போடுங்கள், இரண்டாவது வேளை இருந்தால் மதியத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பகல் முழுக்கக் கட்டிலில் கிடப்பது

முதல் இரண்டு வாரம் உடம்பு ஓய்வு கேட்கும், கொடுங்கள். அதற்குப் பிறகும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினால் ராத்திரித் தூக்கத்தைத்தான் பகலிலேயே செலவழிக்கிறீர்கள். மூன்று மணிக்கு முன்னால் அரை மணி போதும், காலை வெயிலில் நடக்க வேண்டும்.

கெட்ட கனவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது

இதயத்துடிப்பையும் பி.பி.யையும் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கனவையும் விழிப்பையும் கூட்டும். டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்ப வரலாம், மாரடைப்புகூட வரலாம்.

அமுக்கரா, கசகசாப் பால்

டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைப்பது

ஆபரேஷன் வரை கொண்டுவந்துவிட்ட இதயத்துக்குப் பின்னால் பல நேரம் குறட்டையும் இருக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் சில நொடி மூச்சே நின்று, பிறகு திணறிக்கொண்டு மறுபடி தொடங்கினால் அது தூக்கத்தில் மூச்சுத்தடை. அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் பேப்பர் கையில் இருக்கும்போதே தூங்கி விழுகிறார் என்றால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் சிபேப் என்ற காற்றழுத்த முகமூடி கொடுப்பார்கள். இவர்களில் பலருக்குத் தூக்க மாத்திரை மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும்.

மனசை யாரிடமும் சொல்லாமல் இருப்பது

தினமும் விடியற்காலையில் விழிப்பு, கூடவே நெஞ்சில் ஒரு பாரம், பேரப்பிள்ளைகள் வந்தால்கூடப் பேசப் பிடிக்காமை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அது சகஜம், சிகிச்சையும் உண்டு. "உயிர் பிழைச்சதே பெரிசு, இதைப் போய்ச் சொல்லணுமா" என்று நம் வயது ஆண்கள்தான் அதிகம் மறைக்கிறோம்.

மூச்சு முட்டி எழுவதைத் தூக்கமின்மை என்று எண்ணுவது

படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறது, தலையணை நாளுக்கு நாள் ஒன்று கூடிக்கொண்டே போகிறது என்றால், நுரையீரலில் நீர் கோக்கிறது, இதயம் திணறுகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். கணுக்கால் வீங்கியிருக்கிறதா, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், பிள்ளைகளை எழுப்பத் தயங்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.