ஸ்பீக்கர் வயரில் கோட்டை விடும் இடங்கள்

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிப்போம். வயர் என்று வரும்போது மட்டும் தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் போய், "அந்தச் சிவப்பு கறுப்பு வயர் பத்து மீட்டர் குடுங்க" என்று முடித்துவிடுவோம். எனக்கு அப்படிக் கிடைத்தது 14/76.

அந்த எண்ணுக்குப் பொருள், 0.0076 அங்குல விட்டமுள்ள 14 இழைகள். எல்லாம் சேர்த்தால் 0.4 சதுர மில்லிமீட்டர் செம்புதான் தேறும். ஆம்புக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டரில் ஸ்பீக்கர் என்றால் தாராளமாகப் போதும். ஹாலின் மறுகோடிக்கு 10 மீட்டர் போகிறது என்றால் கதை வேறு. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். ஆகக் கம்பி 20 மீட்டர், தடை 0.8 ஓமைத் தாண்டிவிடும். வயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2.

சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தாலும், அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வயரில் தடை கூடினால், ஓம் இறங்குகிற இடங்களில் ஒலி கூடுதலாக அடங்கி, ஸ்பீக்கரின் குணமே மாறுகிறது. பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரின் மேல் ஆம்புக்கு இருக்கும் பிடியும் தளர்ந்து பேஸ் தொளதொளத்துப் போகும். இதே 10 மீட்டருக்கு 40/76 போட்டால் தடை சுமார் 0.3 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சரி. 4 ஓம் என்றால் இரண்டரை ஸ்கொயருக்கு, அதாவது 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் போய்விடுங்கள். வீட்டு வயரிங்கில் மீந்த ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயர் இரண்டு துண்டு கிடந்தால், முறுக்கிப் போட்டாலும் நன்றாகவே பாடும்.

தூரத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். வயர் கதவு நிலையை ஏறி இறங்கி, சுவரோரமாகச் சுற்றித்தான் போகும். நான் 6 மீட்டர் என்று நினைத்த இடம் 11 மீட்டரைக் கேட்டது. நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றினேன். பிறகு கரகரப்பு வந்ததெல்லாம் அந்த ஒட்டில்தான்.

அடுத்து, செம்புப் பூச்சுப் பூசிய அலுமினிய வயர். தடிமனாக, பளபளவென்று, விலை மலிவாக இருக்கும். இரண்டரை ஸ்கொயர் என்று வாங்கினால் ஒன்றரை ஸ்கொயர் செம்பை விடச் சற்றே மேல், அவ்வளவுதான். சுருளைக் கையில் எடுத்தாலே கனமில்லாமல் இருக்கும். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

வீடு கட்டும்போது பைப் போட வரும் எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வயரை மிச்சம் பிடிக்க, இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்து மூன்றே வயரில் முடித்துவிடுவார்கள். இப்போது வரும் சின்ன கிளாஸ்-டி (அதிகம் சூடாகாத, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வகை) ஆம்புகள் பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் உண்டு. சேர்த்தால் ஆம்ப் காலி. இன்னொன்று, மைக் செட் பழக்கத்தில் ஸ்பீக்கருக்கு டூ-பின் பிளக் மாட்டுவது. யாராவது ஒரு நாள் அதை 230 வோல்ட் சாக்கெட்டில் செருகாமல் விடமாட்டார்கள். கரண்ட் வயர் போகும் அதே பைப்பிலும் ஸ்பீக்கர் வயரை விட வேண்டாம்.

வயரில் போட்டிருக்கும் அம்புக்குறி, ஆக்சிஜன் இல்லாத செம்பு, இரண்டு பக்கமும் ஒரே நீளம் போன்றவற்றுக்குக் காசையும் தூக்கத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை. ஒலி சிக்னல் முன்னும் பின்னும் ஓடுவது, அதற்கு அம்பு எந்தத் திசையில் இருந்தால் என்ன?

முனைகளில்தான் கவனம் வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு மாட்டுங்கள். தோலைச் சீவியதும் இழைகளை இறுக்கி முறுக்குங்கள். தப்பிய ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கிற ஊர்களில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். அவ்வப்போது நுனியை வெட்டிப் புதிதாகச் சீவ வேண்டும், இல்லையென்றால் வயர் நுனிக்கான செருகுமுனையான பனானா பிளக் மாட்டிவிடலாம்.

அப்புறம் பிளஸ் மைனஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பேஸே இல்லையே, பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைகிறாரே என்று மூன்று வாரம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்தால் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, அந்த நுனியில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். சிவப்பில் பிளஸ் பட்டதும் ஊஃபர் வெளியே தள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.